அடைத்தால் வெடிக்குமா?

சலவைக் கூடத்துப் பாய்லர்காரர் முதலாளிக்குப் பயப்பட மாட்டார். இருட்டுக்கும் நாய்க்கும் பயப்பட மாட்டார். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அடைபட்ட குழாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திறந்திருக்க வேண்டிய வால்வை யாரோ ஒருவன் மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான். ஏறிய அழுத்தம் தாங்காமல் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. அவர் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓடும் வெந்த தழும்பு அன்றைக்குக் கிடைத்தது. அன்றுமுதல், காலையில் கூடத்துக்குள் காலடி வைத்ததும் நெருப்பைக்கூடப் பார்க்காமல் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. மேல்தளத்தில் மருத்துவமனை விரிப்புகள் மலைமலையாகத் துவைபட்டுக்கொண்டிருக்க, கீழே அவர் அழுத்தமானியின் முள்ளில் கண் வைத்து, காய்ச்சல் கண்ட குழந்தையின் மூச்சைக் கவனிப்பவர்போல் பாய்லரின் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார்.

மேல்தளத்தில் விரிப்பு மடிக்கும் மேசைக்கு அவர் மனைவிதான் தலைவி. ஈரம் காயாத விரிப்பு எது, கறை போகாதது எது என்று தொலைவிலிருந்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவர் பேசாமல் மிச்சம் வைக்கும் பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசித் தீர்க்கிறாள் என்பது உடன் வேலை செய்பவர்களின் கணிப்பு.

இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். அந்தப் பிரசவத்தில் அவளுக்கு இரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் மயிரிழையில் பிழைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்காரவைத்தார்.

“இன்னொரு தடவை கர்ப்பமானா இவங்க உயிருக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. இதை ரெண்டு பேரும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க.”

வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் ஒரு தடை வந்தது. இரத்த அழுத்தம் இறங்காததால் கருத்தடை மாத்திரை கூடாது என்று ஆயிற்று. காப்பர்-டி வைத்துப் பார்த்தார்கள். உதிரப்போக்கு நிற்காமல் அவள் காகிதம்போல் வெளுத்துவிட்டதால் எடுத்துவிட்டார்கள். ஆணுறை ஒருமுறை கிழிந்தது. அந்த மாதம் அவளுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போக, இருவரும் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அது வெறும் தாமதமாகப் போயிற்று. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. ‘என் குறட்டையில் பிள்ளை விழித்துக்கொள்கிறான்’ என்று ஒரு காரணம் சொல்லி, அவர் தம் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குக் குறட்டை விடும் பழக்கமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கே அறுவை செய்துவிடலாம் என்றால், மயக்கமருந்து கொடுக்க அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கணவர் செய்துகொள்ளும் சிறு சிகிச்சைதான் இருப்பதிலேயே சுலபமானது, ஆபத்துக் குறைந்தது என்று டாக்டரம்மா ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே, பாய்லர் கூப்பிடுகிறது என்று எழுந்து போனார். விடுமுறை நாளிலும் அவருக்குப் பாய்லர் கூப்பிட்டது.

ஆண்பிள்ளை வீம்பு என்றுதான் அவள் நினைத்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“ஏங்க, நாம ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, இல்ல லாட்ஜுல பக்கத்துப் பக்கத்து ரூம்காரங்களா?”

“நான் என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலை. அதைத்தான் கேக்கறேன்.”

“உன் உயிருக்குப் பயந்துதானே தள்ளிப் படுக்கறேன்?”

“என் உயிருமேல அவ்வளவு அக்கறை இருந்தா, அந்தச் சின்ன ஆபரேஷனுக்குப் போறதுக்கு என்ன? மீசை உதிர்ந்துடுமா?”

“மீசை இல்லடி.”

“வேற எது?”

அவர் முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த பெண்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பக்கக் குழாயையும் கட்டி அடைச்சிடறாங்க. ஆனா உள்ள உற்பத்தி நிக்காதாம். வெளியேறவும் வழி கிடையாது. அழுத்தம் ஏறிக்கிட்டே போகும் இல்ல? ஒருநாள் இல்லாட்டி ஒருநாள்…” தழும்போடிய கையை மெல்ல உயர்த்தி, விரல்களைச் சட்டென்று விரித்துக் காட்டினார்.

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடி நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“சிரிக்காதே. நான் கண்ணால பார்த்தவன்.”

“நீங்க பார்த்தது பாய்லரைங்க!”

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. வீம்பு என்று எண்ணி எத்தனை வசவுகளை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தாள்! இந்த மனிதர் இத்தனை காலமும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு நர்ஸம்மாகிட்ட வாங்க. இதை அப்படியே அவங்ககிட்டக் கேளுங்க. விரலை மட்டும் விரிச்சுக் காட்டாதீங்க.”

மருத்துவமனையில் குடும்பநலப் பிரிவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா சிரிக்கவில்லை. கேள்வியை முழுதாகக் கேட்டார்.

“உற்பத்தி நடக்கும். ஆனா அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிரணு. உடம்பே அதைக் கரைச்சு உறிஞ்சிக்கும். வெளியே வர்ற தண்ணி பெரும்பாலும் வேற சுரப்பியிலேருந்து வர்றது. அது பாட்டுக்கு வரும். ஆசையும் குறையாது, பலமும் குறையாது.”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “அதாவது, நீராவி குளிர்ந்து தண்ணியாகித் தொட்டிக்கே திரும்பிப் போற மாதிரி.”

“எனக்கு நீராவி தெரியாதுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

“வெடிக்காதே?”

“என் சர்வீசுல ஒண்ணும் வெடிச்சதில்லை.”

“முதல் ஆளா இருக்கலாம்னு பார்த்தாரு,” என்றாள் மனைவி.

பிறகு நர்ஸம்மா, இது நிரந்தரமானது, மனம் மாறினால் திருப்பிச் சேர்ப்பது நிச்சயமில்லை, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். சில நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம், ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார். “அப்புறம் முக்கியமா ஒண்ணு. அடைச்ச உடனே பலன் கிடைக்காது. மூணு மாசம் கழிச்சு ஒரு சோதனை இருக்கு. அதுக்குள்ள நீங்க…”

“தெரியும் நர்ஸம்மா,” என்று அவர் உற்சாகமாகக் குறுக்கிட்டார். “வால்வை மூடினாலும் லைன்ல இருக்கற நீராவி அப்படியேதான் நிக்கும். இது எங்க தொழில்.” தமக்குத் தெரிந்த ஊர் வந்துவிட்ட மகிழ்ச்சியில், நர்ஸம்மா முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அவர் கவனிக்கவே இல்லை.

செய்தி அவருடைய அக்காவுக்கு எட்டியது. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

“பொம்பளைங்களுக்குத்தான் அந்த ஆபரேஷன் இருக்கே. வீட்டைத் தாங்கற உடம்பு, நீ எதுக்குடா கத்திக்குப் போற?”

“அக்கா, இவ மூணு தடவை போய் வந்திருக்கா. கடைசித் தடவை பாதி தூரம் போயே போயிட்டா. நான் ஒரே ஒரு தடவை போறேன். அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்.”

“நாளைக்கே இவளுக்கு ஒண்ணு ஆகி, நீ வேற ஒருத்தியைக் கட்டற நிலைமை வந்தா?”

அடுப்பருகே கரண்டிச் சத்தம் நின்றது. அவர் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்.

“இவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்க்கா போறேன்.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கரண்டிச் சத்தம் மீண்டும் கேட்கத் தொடங்கச் சற்று நேரமாயிற்று.

சிகிச்சை எளிதாக முடிந்தது. சொன்னபடியே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார். வம்பு மூன்றாம் நாள் சலவைக் கூடத்தில் காத்திருந்தது. வழக்கமாக அவர் ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றும் சலவைச் சோடா மூட்டை வாசலில் கிடந்தது. அதைக் கொண்டுவந்த வண்டியோட்டிக்குப் பட்டப்பெயர் ‘வானொலி’. அவனிடம் சொன்ன செய்தி மாலைக்குள் எல்லா வீட்டிலும் ஒலிபரப்பாகிவிடும்.

“என்னண்ணே, மூட்டையைப் பார்த்து ஒதுங்கறீங்க?”

முதுகுவலி என்று சொல்லவே அவர் முடிவு செய்திருந்தார். ஆனால் வாய் வேறு விதமாகத் திறந்தது. “குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டேன். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. நீ தூக்கு.”

எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டால் ஒலிபரப்புவதற்கு என்ன இருக்கிறது? வானொலி ஒரு கணம் ஊமையானான். பிறகு சுதாரித்துக்கொண்டு மேல்தளம் வரை கேட்கும்படி, “அப்ப இனிமே அண்ணன் வீட்டுல நெருப்பு மட்டும்தான், நீராவி கிடையாதா?” என்றான்.

மடிக்கும் மேசையிலிருந்து பதில் இறங்கியது. “இங்க ரெண்டும் இருக்குடா. உன் வீட்டு அடுப்பு எரியுதான்னு முதல்ல போய்ப் பாரு!”

கூடம் அதிரச் சிரித்தது. மூட்டையை வானொலிதான் சுமந்தான்.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனார்கள். நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்சம் உயிரணு மிச்சமிருக்கிறது என்றார். பாய்லர்காரர் முகம் விழுந்துவிட்டது. அக்கா பேச்சை மீறிக் கத்தி பட்டதுதான் மிச்சமோ?

“இத்தனை நாளும் உறை போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“அதுக்கு அவசியமே வரலைங்க,” என்றார் அவர். “லைன் தானா ஆறட்டும்னு விட்டுட்டோம். மூடி வச்ச லைனை யாராவது தொடுவாங்களா?”

எதற்கும் சிரிக்காத நர்ஸம்மா அன்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “ஐயா, உங்க நீராவி லைன் தானா ஆறும். இது அவ்வளவு லேசுல ஆறாது. பழசு வெளியே போனாத்தான் சீக்கிரம் காலியாகும். அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். தெரியும்னுட்டீங்க!”

மனைவி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கைகளுக்குள்ளிருந்தே கேட்டாள். “மறுபடியும் கிழிஞ்சா?”

நர்ஸம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உறையைச் சரியாகப் போடுவது எப்படி என்று ஒரு மரக்கட்டையில் மாட்டிக் காட்டினார். “அப்படியே கிழிஞ்சாலும் அவசரத்துக்கு மாத்திரை இருக்கு. உங்க பிரஷருக்கும் அது பரவாயில்லை. உடனே வரணும், அவ்வளவுதான். தனியா உட்கார்ந்து பயப்படக் கூடாது.”

அன்றோடு பாய்லர்காரரின் குறட்டை குணமாயிற்று.

அடுத்த சோதனைக்கு முன்னால் ஒருநாள் வானொலி பாய்லர் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, நின்ற இடத்திலேயே நெளிந்தான்.

“அண்ணே, அந்த நர்ஸம்மா எந்த நாள்ல இருப்பாங்க?”

“உனக்கு எதுக்கு?”

“என் மச்சான் கேக்கச் சொன்னான்.”

“போய்ட்டு வரச் சொல்லு. அந்த வாரம் உன் மச்சானுக்குப் பதிலா மூட்டையை நான் தூக்கறேன்.”

சோதனை நாள் காலையில் யாரும் எதிர்பாராமல் அக்கா வந்தாள். வீட்டுக்குள் வந்து, பிள்ளைகளின் மாற்றுத் துணிகளைத் தானே எடுத்துப் பையில் திணித்தாள்.

“இதுங்களை நான் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் கொண்டுவந்து விடறேன். என்ன பார்க்கறே? போய் நல்ல சேதியா வாங்கிட்டு வா.” இதைத் தம்பியிடம் அல்ல, தம்பி மனைவியிடம் சொன்னாள்.

“சரிங்க அண்ணி,” என்றாள் அவள். பையனின் சட்டை ஒன்றை மடித்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நர்ஸம்மா தாமே எழுந்து வந்தார். “ஒண்ணுகூட இல்லை.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட.”

அழுத்தமானியைத் தம் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பிப் பழகாதவர், பார்க்கலாமா என்று கேட்டார். நுண்ணோக்கியின் முன் அவரை உட்காரவைத்தார்கள். வட்டமான வெள்ளை வெளிச்சம். அதில் எந்த அசைவும் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து மனைவிக்கு இடம் விட்டார். அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“ஒண்ணுமில்லாததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாத்தான் இருக்கும்,” என்றாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில், மூன்றாவது பிரசவத்திலிருந்து அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. அவள் வாழப் போகிறாள். பெண்களுக்குத் தலை வாரி, பையனைப் பள்ளிக்கு அனுப்பி, கறை பட்ட விரிப்புகளைத் திருப்பி அனுப்பி, இவரைக் கேலி செய்துகொண்டு நெடுங்காலம் வாழப் போகிறாள்.

வெளியே நல்ல வெயில். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களுமாய் நிறைந்த நடைபாதையில் அவர் மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நடந்தார்.

“காத்து நல்லா இருக்கு. பேசிக்கிட்டே நடந்து போயிடலாமா?”

“நடக்கறதா?” அவள் நின்றுவிட்டாள். “அண்ணி சாயங்காலம் பிள்ளைங்களைக் கொண்டுவந்துடுவாங்க. வண்டியைக் கூப்பிடுங்க!”

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. பாய்லர்காரர் இரண்டு விரல்களை வாயில் வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சீட்டி அடித்தார். இரு முனைகளிலிருந்தும் இரண்டு வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து நின்றன.