சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல்

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் அந்த வீட்டில் இருந்ததில்லை. நான் இருந்தேன். பதினொன்றாம் வகுப்பில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்கப் போனபோது நடந்தது இது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானே அடம்பிடித்துப் போனேன். பத்தே நாளில் ஆசை அடங்கிவிட்டது. நான் தங்கியிருந்த வீட்டில் கணவன், மனைவி இரண்டே பேர். அவர் பஸ் ஓட்டுபவர். அந்த அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. அவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்லவர்கள். ஆனால் திட்டத்தின் விதி ஒன்று என் உயிரை வாங்கியது. ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேசலாம், அதுவும் பத்து நிமிடம். அடிக்கடி பேசினால் புது இடத்தில் மனம் ஒட்டாதாம். எங்கள் கையில் செல்போன் வராத காலம் அது. என் அறைக்கு வெளியே சுவரில் ஒரு போன், அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்தது. நான்கு மணிக்கே இருட்டிவிடும். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். இருவரும் வர ஏழு மணி ஆகும். அந்த மூன்று மணி நேரம் எனக்கு நரகம். கட்டிலில் உட்கார்ந்து நானே அம்மாவாகவும் நானாகவும் பேச ஆரம்பித்தேன். “சாப்டியாடி?” என்று அம்மா மாதிரி கேட்பேன். “சாப்டேன்மா” என்று என் குரலில் சொல்வேன். பைத்தியம் என்று நினைப்பீர்கள். பதினாறு வயதில் அப்படித் தனியாக இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தம்பி டிவியை உடைத்தது, அப்பாவின் குறட்டை, அத்தை போட்ட சண்டை என்று எங்கள் வீட்டுக் கதை முழுவதையும் அந்த அறையில் கொட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல “சாப்டியாடி?” என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

“சாப்டேன்மா...”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. என் குரல்.

அந்தப் பக்கம் பழைய சாமான் போட்டு வைக்கும் அறை. போய்த் திறந்து விளக்கைப் போட்டேன். ஒரு மடக்கு மேஜை, சக்கரம் இல்லாத சைக்கிள், பெயின்ட் டப்பாக்கள். ஆள் இல்லை.

அப்போதே தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டுக்குள் முதல்முறையாக எனக்குத் தமிழில் பதில் வந்திருக்கிறது. மறுநாளும் பேசினேன். அதற்கடுத்த நாளும். அது பதில் சொன்னது. சிரித்தது. நான் சிரிப்பது மாதிரியே, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை நான் எதுவும் கேட்கவில்லை. அதுவே பேசியது.

“நல்லா இருக்கேன்மா... ம்... ம்... நீ கவலைப்படாதே...”

என்னிடம் பேசவில்லை. யாரிடமோ போனில் பேசுகிற மாதிரி, நடுநடுவே நிறுத்தி, ‘ம்’ கொட்டிக்கொண்டு பேசியது. அதன் பிறகு அந்த அறையில் நான் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கடைக்குப் போனதும் போனை எடுத்தேன். அம்மா குரல் கேட்டதும் உடைந்துவிட்டேன்.

“என்னால முடியலம்மா. என்னைக் கூட்டிட்டுப் போயிடு.”

“என்னடி ஆச்சு? நேத்து அவ்வளவு சிரிச்சியே.”

“நேத்து நான் பேசவே இல்லையே.”

“இந்த வாரம் பூரா தினமும் பேசினியே. இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு நீதானே கேட்டே? அப்பா நாளைக்குச் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பறார்.”

இன்னும் ஒரு வருடம். அந்த அறையில். அந்தக் குரலோடு.

“அம்மா, அது நான் இல்ல.”

அம்மாவின் குரல் மாறியது.

“நீங்க யாருங்க?”

பெற்ற தாய் என்னை ‘நீங்க’ என்றாள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. தம்பி டிவியை உடைத்ததைச் சொன்னேன். “அதை என் பொண்ணு புதன்கிழமையே சொல்லிட்டா” என்றாள். அப்பாவின் குறட்டை, அத்தையின் சண்டை... எல்லாம் அது ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. எல்லாம் நான் சுவரிடம் கொட்டியவை.

“போனை வைக்கறேன்” என்றாள் அம்மா.

தனியாக இருந்தபோதுகூட நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான் மிச்சம். வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

“பன்னெண்டு வயசு வரைக்கும் நான் படுக்கையை நனைச்சேன். அப்பாவுக்குத் தெரியாம, விடியறதுக்குள்ள நீ துவைச்சுப் போடுவே. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.”

அம்மாவின் குரல் பழையபடி ஆனது.

“கண்ணு... கிளம்பி வந்துடு.”

போனை வைத்தேன். வீடு நிசப்தம்.

சுவருக்குள்... மெதுவாக...

“பன்னெண்டு... வயசு வரைக்கும்...”

மனப்பாடம் செய்கிற மாதிரி.

செருப்புகூடப் போடவில்லை. ஓடினேன்.

பக்கத்துத் தெருவில் இருந்த திட்டப் பொறுப்பாளர் வீட்டிலேயே மிச்ச நாட்களைக் கழித்தேன். அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டார்கள். நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. தூங்கிப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம்தான் உண்மையைச் சொன்னாள். நான் விமானத்தில் இருந்தபோது வீட்டுப் போன் அடித்திருக்கிறது.

“நான் இன்னும் இங்கதான் இருக்கேன், அங்க வர்றது நான் இல்ல, கதவைத் திறக்காதேன்னு சொல்லுச்சு. படுக்கை விஷயத்தையும் சொல்லுச்சு.”

“அப்புறம் எப்படிம்மா திறந்தே?”

“அது எப்பவும் சிரிச்சுத்தான் பேசும். நீதான் அழுதே. அழறவதான் என் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“சரியாத்தானே நினைச்சே?”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அதுவும் அழுதுச்சுடி.”