மார்லிஸ் போட்ட டெல்மரின் கையெழுத்து

மார்லிஸ் ப்ரெக்கே இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். அதைவிட இரண்டு வருடம் அதிகமாக ஆஷ் கிரீக்கில் தேர்தல் வேலை பார்த்தவள். எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அவள் சின்ன வயதில் உருளைக்கிழங்கு மசியல் போட்டிருக்கிறாள். மீதிப் பேருக்கு ஓட்டுச்சீட்டு கொடுத்திருக்கிறாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் கொடுப்பாள். வரிசையில் நில், பேசாதே, அடுத்த ஆளுக்கு வழி விடு.

ஓட்டுப்போடும் இடம் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடம். எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பேர் உட்கார வேண்டும், கட்சிக்கு ஒருவர். சீட்டைக் கொடுக்கும் முன் அதன் பின்பக்கம் இருவரும் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். ஒருவரது எழுத்து இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டு செல்லாது. மார்லிஸ் ஜனநாயகக் கட்சி. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது வருடமாகக் குடியரசுக் கட்சிக்காக உட்கார்ந்தவர் டெல்மர் ஹாஸ். சோளமும் பன்றியும் வளர்க்கிறவர், மனைவியை இழந்தவர். காலை ஆறு மணிக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கினால் இரவு எட்டு மணிக்குத்தான் நிறுத்துவார்கள். சண்டை அரசியல் பற்றி இல்லை. காபி தண்ணியாக இருக்கிறது, ஜன்னலை யார் திறந்தது, இப்படித்தான்.

தேர்தலுக்குத் தேர்தல் மாவட்டத் தலைநகரில் பயிற்சி வகுப்பு நடக்கும். அங்கே யாரும் கேட்காமலே எழுந்து நின்று புதியவர்களுக்குப் புத்தி சொல்கிறவள் மார்லிஸ். சொன்னபடி செய்தும் காட்டினாள். பன்னிரண்டு வருடம் முன்பு ஃபெர்ன் ஆஸ்ட்பி என்கிறவள், கூட்டம் இல்லாத ஒரு காலை வேளையில், நேரம் மிச்சமாகட்டும் என்று நாற்பது சீட்டில் முன்கூட்டியே தன் எழுத்துகளைப் போட்டு அடுக்கி வைத்தாள். மார்லிஸ் அதைப் பார்த்தாள். மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். ஃபெர்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருவரும் ஒரே தேவாலயத்துக்கு வருகிறவர்கள், ஒரே பாட்டுக் குழு. அதற்குப் பிறகு ஃபெர்ன் பாட்டுக் குழுவுக்கே வரவில்லை. மார்லிஸுக்கு அதில் வருத்தமே கிடையாது. "விதின்னா விதிதான்" என்பாள்.

அந்த நவம்பரில் பெரிய போட்டி மாநிலச் செயலர் பதவிக்கு. மாநிலம் முழுக்க நடக்கும் தேர்தல்களையெல்லாம் மேற்பார்க்கிற பதவி அது. வேறு வருடமாக இருந்தால் யார் நிற்கிறார்கள் என்றே ஜனங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வருடம் வீட்டு முற்றத்துக்கு முற்றம் வேட்பாளர் பெயர்ப் பலகை. இரண்டு வேட்பாளரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: உங்கள் ஓட்டைக் காப்பேன். அறுவடை அப்போதுதான் முடிந்திருந்ததால் சேற்றுக் காலோடு வரிசை வரிசையாக வந்தார்கள். மதியம் இரண்டரை மணி இருக்கும், டெல்மர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"என்ன, தூக்கமா?" என்றாள் மார்லிஸ்.

"கை கேக்க மாட்டேங்குது, மார்லிஸ்."

அவள் பார்த்தாள். தொடையும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா?"

"வசந்த காலத்துலருந்து. டாக்டர் ஒரு பேரு சொன்னாரு. மாத்திரை வண்டியில இருக்கு, போட்டாலும் வேலை செய்ய நேரமாகும். சத்தம் போடாத. மகளுக்குத் தெரிஞ்சா டிராக்டர் சாவியப் புடுங்கிருவா."

அவள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தேர்தலைக் கவனிக்கிற மாவட்ட எழுத்தர் ஜனெல் ப்ரூயிட்டுக்கு ஒரு போன் போட்டு மாற்று ஆள் கேட்டிருக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் வந்திருப்பார்கள். அதுவரை வரிசை நின்றிருக்கும், கேள்வி கேட்டிருக்கும், டெல்மரின் கையை ஊரே பார்த்திருக்கும். மார்லிஸ் வரிசையைப் பார்த்தாள். டெல்மரின் பேனாவை எடுத்தாள். தன் எழுத்தைத் தன் பேனாவில் போட்டாள், அவர் எழுத்தை அவர் பேனாவில் போட்டாள்.

"மார்லிஸ், வேணாம்" என்றார் அவர், உதடு அசையாமல்.

"சும்மா உக்காரு. மாத்திரையப் போட்டுட்டு வா, அப்புறம் நீயே போடு."

ஐந்து மணிக்கு அவர் கை சொன்னபடி கேட்டது. மீண்டும் அவரே போட்டார். இடையில் இரண்டரை மணி நேரம், அறுபத்தோரு சீட்டு. அன்று வீட்டுக்குப் போகும்போது மார்லிஸுக்குக் குற்ற உணர்வே இல்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்திதான் இருந்தது. பின்னால் அவளை அதிகம் கூசவைத்தது அந்தத் திருப்திதான்.

மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது இரண்டு வேட்பாளருக்கும் இடையே நூறு ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. மறு எண்ணிக்கை, அதுவும் ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்துப் பார்த்து என்று வானொலியில் சொன்னார்கள். மார்லிஸ் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் ராய் எட்டிப் பார்த்து, "என்ன, தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு?" என்று கேட்டபோதுதான் குழாயை மூடினாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஜனெலிடமும் சொல்லவில்லை. மறு எண்ணிக்கைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும், யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டே எழுத்து, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கவனித்தாள் ஒருத்தி. ஒரு வேட்பாளருக்காக மாநிலத் தலைநகரிலிருந்து வந்த வக்கீல், நல்ல காலணி போட்டிருந்தாள், எங்கள் காபியைத் தொடவில்லை. நீதிமன்ற அறையில் மேசை போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆஷ் கிரீக் கட்டு வந்ததும் அவள் கையை உயர்த்தினாள். "டெல்மர் ஹாஸோட இந்த எச் எழுத்தப் பாருங்க. மத்ததுல எல்லாம் ஒல்லியா சாஞ்சிருக்கு. இதுல உருண்டையா நிமிர்ந்து நிக்குது. ரெண்டு பேரோட எழுத்தும் ஒரே ஆள் போட்டது."

சுவரோரம் மடக்கு நாற்காலியில் மார்லிஸும் டெல்மரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஜனெல் திரும்பி, "டெல்மர், இது உங்க எழுத்துதானா?" என்று கேட்டாள்.

"என்னுதுதான்" என்றார் டெல்மர்.

மார்லிஸ் வாயைத் திறக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை, அவளும் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. அவர் பொய் சொன்னபோது அவளுக்கு வந்தது நிம்மதி.

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றாள் வக்கீல், மரியாதையாகவே. "இந்தத் தாள்ல ஒரு தடவ போட்டுக் காட்டிடுங்க."

டெல்மர் எழுந்து மேசைக்குப் போனார். வலது கையை மேல்கோட்டுப் பையிலிருந்து எடுக்காமலே நின்றார். அறையில் முப்பது பேர் இருப்பார்கள், அவர் மகளும் இருந்தாள். கடைசியில் கையை எடுத்தார். பேனா தாளைத் தொடும் முன் மேசையைத் தட்டியது, டக் டக் டக் என்று எல்லோருக்கும் கேட்டது.

"அத நான்தான் போட்டேன்" என்று எழுந்தாள் மார்லிஸ். "அவர விடுங்க. அறுபத்தொண்ணையும் நான்தான் போட்டேன்."

ஜனெல் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். "மார்லிஸ், நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பயிற்சி வகுப்பில் மார்லிஸின் புத்திமதியைக் கேட்டு வளர்ந்தவள் ஜனெல்.

அறுபத்தோரு சீட்டையும் தனி உறையில் போட்டு முத்திரை வைத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். நீதிபதி எண்ண முடியாது என்றார். மாநிலச் செயலர் பதவி நாற்பத்து நான்கு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. உறைக்குள் இருந்தது அறுபத்தொன்று. அவற்றில் யாருக்கு எத்தனை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தோற்ற கட்சி அவளைத் திட்டியது, ஜெயித்த கட்சியும் திட்டியது. செய்தித்தாளில் அவள் படம் வந்தது, தேவாலய விருந்தில் பிஸ்கட் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்த படம். அவர்களுக்கு வேறு படம் கிடைக்கவில்லை போலும்.

வாக்காளர் பட்டியலில் ஓட்டுப் போட்டவர்கள் பெயர் வந்த வரிசைப்படி இருக்கும். எந்த ஆளிலிருந்து தன் கை வேலை தொடங்கியது என்பது மார்லிஸுக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கிருந்து அறுபத்தோரு பெயரை எண்ணி எழுதிக்கொண்டாள். முப்பத்தெட்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள்.

"எதுக்கு? ஊருக்கே தெரியும்" என்றார் ராய்.

"ஊருக்குத் தெரியும். நான் சொல்லலையே."

ஜனங்கள் கத்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போனாள். எங்கள் ஊரில் யார் கத்துவார்கள்? உள்ளே வா என்றார்கள், காபி ஊற்றினார்கள். "யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார்கள். முதல் வீட்டில் எலுமிச்சை கேக், மூன்றாவது வீட்டில் பூசணிக்காய் பை என்கிற பலகாரம். ஆர்லோ நைகார்டுக்குத் தொண்ணூற்றொரு வயது. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு அன்று படியிறங்கி வந்து ஓட்டுப் போட்டவர். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "போகட்டும், அடுத்த தடவ போட்டுக்கறேன்" என்றார். மார்லிஸ் வண்டிக்குள் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் சாவியைத் திருப்பவில்லை. திட்டு வாங்கிக் கழித்துவிடலாம் என்று பார்த்த கடன் அது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

முப்பத்தேழாவது வீடு ஃபெர்ன் ஆஸ்ட்பியுடையது. அவளும் அந்த அறுபத்தொன்றில் ஒருத்தி. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உன் ஓட்டும் போச்சு, ஃபெர்ன். என்னாலதான்."

"தெரியும்."

"அன்னிக்கு உன்னப் பத்தி எழுதிப் போட்டேனே…"

"பன்னெண்டு வருஷமா உனக்குன்னு ஒரு வார்த்தை யோசிச்சு வச்சிருந்தேன், மார்லிஸ்" என்றாள் ஃபெர்ன். "பாத்திரம் கழுவுறப்பெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். இப்ப நீயே வந்து நிக்கிற, அது வர மாட்டேங்குது. ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் போட்டது என் எழுத்து."

கதவு சாத்திக்கொண்டது. அந்த ஒரு வீட்டில்தான் மார்லிஸுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது.

கடைசி வீடு டெல்மருடையது. அவரும் அன்று கூட்டம் சற்றுக் குறைந்த நேரத்தில், மூன்றே கால் மணிக்கு, எழுந்து போய்த் தன் ஓட்டைப் போட்டிருந்தார். அந்தச் சீட்டிலும் அவர் எழுத்தை அவளே போட்டுக் கொடுத்தாள். களஞ்சியத்தின் முன்னால் டிராக்டர் இல்லை. மகள் கொண்டுபோய்விட்டாள்.

சமையலறை மேசையில் மார்லிஸ் சேதியைச் சொன்னாள். "உன்னுதும் அதுல ஒண்ணு, டெல்மர். சாவியும் போச்சு. நான் போன் போட்டிருக்கணும். அந்த ரூம்லயாவது நீ வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லியிருக்கணும். உன்னைப் பொய் சொல்ல விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

"ஆமா, உக்காந்திருந்த" என்றார் டெல்மர். இல்லை என்று சொல்லவில்லை. "நானும் வேணாம்னு ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லல." பிறகு, "உன் காபியவிட இது கெட்டியா இருக்கும், குடி" என்றார்.

மேசையில் ஜனெல் அனுப்பிய தாள் கிடந்தது. தேர்தல் வேலையிலிருந்து உடல்நிலை காரணமாக விலகிக்கொள்கிறேன் என்று அச்சடித்த ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மார்லிஸுக்கும் ஒன்று வந்திருந்தது, அவளுடையதில் வேறு காரணம்.

டெல்மர் பேனாவை எடுத்தார். முனை தாளில் பட்டு விலகியது, கோட்டுக்கு மேலே ஒரு கிறுக்கல் விழுந்தது. மறுபடி வைத்தார். மார்லிஸின் வலது கை தானாக எழுந்தது, பழக்கம். அதை இழுத்து மேசைக்கு அடியில் கொண்டுபோய் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டெல்மர் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

இரண்டு எழுத்துப் போட அவருக்கு ஆறேழு நிமிடம் ஆனது. அவளும் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"படிக்க முடியுதா?" என்றார்.

"முடியுது" என்றாள் மார்லிஸ். அந்த எச் ஒல்லியாக, சாய்ந்து, வேறு யாரும் போட முடியாத மாதிரி இருந்தது.