அம்மா கேட்ட ஆங்கிலப் பாட்டு

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில், பெங்களூரிலிருந்து வந்த சித்தி மகள் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஓர் ஆங்கிலப் பாட்டு. மெஷினில் அடித்த தாளம், கீபோர்டு, நடுவே ஒரு பெண்குரல். வளர்வதற்குப் பயமாக இருக்கிறது என்பதைத்தான் அவள் திரும்பத் திரும்பப் பாடினாள்.

சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தபோது, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அப்பா எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. உள்ளே போய் அந்தப் பாட்டைப் போட்டேன்.

மிளகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, இந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"வளந்து ஆளாகப் பயமா இருக்குதாம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பதினாறு வயசுல இந்த ஊட்டுக்கு வந்தப்ப எனக்கும் நொம்பப் பயமா இருந்துச்சு. இன்னொருக்கா போடு."

ஒரு வார்த்தையும் புரியாமல், பாட்டு முடியும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நானும் அழவில்லை.

அடுத்த வாரம் பெட்டியோடு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுப்பவள் நான். அன்று ஒன்றும் ஆகவில்லை. சேலம் வந்ததும் இறங்கிக்கொண்டேன்.