அம்மாவின் பீரோவுக்குப் பாலிஷ் போட்டது

அம்மாவின் பீரோவைப் புதுசாக்கப்போவதாக அய்யா சொன்ன அன்று, வீட்டில் என் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் யாருமில்லை. அது பர்மாத் தேக்கு. அம்மாவின் தகப்பனார் ரங்கூனில் வேலை பார்த்தபோது செய்யச் சொல்லி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, பித்தளைக் கைப்பிடிகள் களிம்பேறிப் பச்சையாகியிருந்தன. மேல்பலகையில், எப்போதோ சிம்னி விளக்கு சாய்ந்து கருகிய தழும்பு வேறு. ஆனாலும் அந்த வீட்டில் அம்மாவுக்கென்று பூட்டும் சாவியும் உள்ள இடம் அது ஒன்றுதான். அதில் எனக்கும் ஒரு தட்டு ஒதுக்கித் தந்திருந்தாள். என் பாவாடைகளும் சோழிகளும் அங்கேதான் இருந்தன.

வேலையைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். மதுரையில் ஒரு மரச்சாமான் கடையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, முதலாளியோடு சண்டை போட்டுத் திரும்பியவர். பீரோவை வேப்பமரத்தடியில் படுக்கவைத்துக் கண்ணாடிச் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டச் சொன்னார்; பிறகு உப்புத்தாள். சொல்லிவிட்டு அவர் பீடி குடிக்கப் போய்விடுவார். சுரண்டியதும் தேய்த்ததும் அம்மாவும் நானும்தான். அவ்வப்போது வந்து, “மர ரேகை போற வாக்குல தேய்யி. குறுக்க இழுத்தேன்னா கீறிப்போகும்” என்று அதட்டுவார்.

எனக்கு உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மாவின் கூந்தலெல்லாம் மரத்தூள். நான் பேசிக்கொண்டே தேய்த்தேன். அவள் பேசாமல் தேய்த்தாள். கருகிய இடத்தைச் செதுக்கிவிட்டு, மெழுகில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார் சித்தப்பா. பிறகு அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டுத் தொட்டு இழுத்தார். கைப்பிடிகளை நான் புளி போட்டுத் துலக்கினேன். எல்லாம் முடிந்து தூக்கி நிறுத்தியபோது பீரோவில் என் முகம் தெரிந்தது.

என் பாவாடைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். அய்யா தடுத்தார். “அதுல ஒண்ணும் வைக்கப்படாது. வாசனை போகட்டும்.”

வாசனை போன பிறகும் அம்மாவின் சேலைகள் கொடியிலேயே கிடந்தன. ஏன் என்று கேட்டேன். “வேலையப் பாரு” என்றாள்.

அத்தைக்கு, அதாவது அய்யாவின் தங்கைக்கு, அந்த மாதமே கல்யாணம். மாப்பிள்ளை முதுகுளத்தூர்ப் பக்கம். தாலி கட்டிச் சாப்பாடும் முடிந்து பெண்ணை அனுப்பும் நேரத்தில் வாசலுக்கு வந்தேன். சீர் ஏற்றிய மாட்டு வண்டியில், வைக்கோல் மெத்தையின் மேல், கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது எங்கள் பீரோ. மாப்பிள்ளையின் அப்பா அதைத் தட்டிக் காட்டிச் சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கேட்டபடி செஞ்சுட்டாக. புதுத் தேக்கு.”

“அது எங்க பீரோ! எங்கம்மா பீரோ! பழசு! எறக்குங்க!” என்று கத்தினேன்.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அய்யாவின் முகம் வெளுத்தது. அம்மா ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பொய் சொல்லாதடி. நம்மளது செல்லரிச்சு வித்தாச்சுல்ல.”

இருவருமாகத்தானே தேய்த்தோம்? அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை எனக்கு. “மேல விளக்கு சுட்ட தழும்பு இருக்கு! மெழுகு வச்சு அடைச்சிருக்கு! தடவிப் பாருங்க!”

மாப்பிள்ளையின் அப்பா அய்யாவிடம் திரும்பினார். “என்னங்க சம்பந்தி? பழசத் தேச்சு எங்க தலையில கட்டுறீகளா? அப்ப பொண்ணு இங்கனயே இருக்கட்டும். புதுசு செஞ்சுட்டுச் சொல்லி விடுங்க, வந்து கூட்டிட்டுப் போறோம்.”

மாலையும் கழுத்துமாக நின்ற அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தாள். அதுவரை அவள் குரலை யாரும் கேட்டதில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பீரோவின் மேல்பலகையைத் தடவினாள். அவள் கை சரியான இடத்தில் நின்றது. நகத்தால் லேசாகக் கீறினாள். நகத்துக்குள் மெழுகு ஏறியதை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன்.

“ஒரு தழும்பும் இல்ல” என்றாள் அவள். “புது மரந்தான். நல்ல நேரம் போகுது, வண்டியப் பூட்டுங்க.”

இறங்கும்போது நகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அத்தையைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு என் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் அம்மாவின் தலையில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை அவள் எடுத்துப் போட்டாள். சீர் வண்டி தெருவைத் தாண்டும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்தே பொய் சொன்ன இரண்டு பெண்கள் சேர்ந்து, ஊர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் கன்னத்தைத் தொட வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். அம்மாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடியில் தொங்கிய அவள் சேலைகளைப் பார்க்கும்போதெல்லாம், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பந்தலில் அய்யாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் மறுபடி சிரித்துப் பேசியபடி ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டு வாங்கியவர். மற்றவர், யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர். அழுதுகொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டு மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாழைப்பழம் நீட்டினார். வாங்கி, அய்யாவின் மடியில் உட்கார்ந்து தின்றேன். அவர்கள் மேல் கோபப்படலாம் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.