முதல் அழுகையைப் பிடிப்பவள்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டால், அத்தை யாரையோ அழவைக்கத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம். எதிரே பன்னிரண்டு சின்னத் திரைகள் மின்னும். ஒரு காது ஹெட்போனுக்கு, இன்னொரு காது உதவி இயக்குநருக்கு. மேடையில் நிற்கும் தொகுப்பாளரின் காதுக்குள் இவள் குரல்தான் ஓடும்: "பேசாதீங்க. அப்படியே விடுங்க. அவரே உடைவாரு." ஐந்து எண்ணுவதற்குள் அவர் உடைந்துவிடுவார். அத்தை பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, சத்தம் வராமல் ஒடித்து வாயில் போட்டுக்கொள்வாள்.

அப்பாவின் ஒரே தங்கை. தயாரிப்பாளர். மூன்று சினிமா எடுத்தாள். முதல் படம் ஓடியது, இரண்டாவது நடந்தது, மூன்றாவது படுத்தது. அந்த மூன்றாவது படத்தின் போஸ்டர் மேல் பசை காய்வதற்குள், காணாமல் போன நாய்க்குட்டியைப் பற்றி யாரோ அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். நாயாவது கிடைத்தது. அதற்குப் பிறகு டிவிக்கு வந்தாள். ஆட்டப் போட்டி, எடை குறைக்கும் போட்டி, கணவன் மனைவி போட்டி. கடைசியாகச் சொன்னதில் கலந்துகொண்ட இரண்டு ஜோடிகள் வீட்டுக்குத் தனித்தனியாகத்தான் போனார்கள். இப்போது அவள் நடத்துவது, பேச்சுவார்த்தை விட்டுப்போனவர்களை மேடையில் சேர்த்துவைக்கும் நிகழ்ச்சி. போன நிகழ்ச்சியில் பிரித்ததை இதில் சேர்க்கிறாள் என்பார் அப்பா.

அக்கா வேலைக்காக வெளிநாடு போனபோது விமான நிலையத்தில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த அத்தை, "அண்ணி, நடுவுல ஒரு ஆள் வந்துட்டான். இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க" என்றாள். அம்மாவும் மறுபடி கட்டிப்பிடித்தாள். சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே கொள்கை: "மொத தடவ வர்றதுதான் அழுகை. ரெண்டாவது தடவ வந்தா நடிப்பு."

அதனால்தான் அவளுடைய நிகழ்ச்சியில், பிரிந்த இருவர் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. இரண்டு வண்டி, இரண்டு வாசல், இரண்டு மாடி. ஒருவருக்குப் பச்சை என்று பெயர், மற்றவருக்கு நீலம். எந்தப் பச்சைக்கு எந்த நீலம் என்பது அவளுக்கும் உதவி இயக்குநருக்கும் மட்டும்தான் தெரியும். டிரைவருக்குத் தெரியாது, மேக்கப் போடும் அக்காவுக்குத் தெரியாது. வாய் இருக்கிறவர்களிடம் எதையும் சொல்லக் கூடாது என்பாள். அவளிடம் எடுபிடியாகச் சேர்ந்திருக்கும், வாயைத் தவிர வேறெதுவும் இல்லாத எனக்கு, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதுகூட ரகசியம்.

ஒருமுறை சேனல் தலைவரின் குரலில் அவளுக்குப் போன் செய்தேன். பக்கத்து அறையிலிருந்துதான். கதவிடுக்கில் பார்த்தால், என் குரல் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள். பேசி முடிக்கும்வரை உட்காரவே இல்லை. அந்த விளையாட்டை அதோடு விட்டுவிட்டேன்.

நிஜமான தலைவர் போன வாரம் பேசினார். பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்களாம். இந்த ஞாயிறு நேரலையும் எடுபடாவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்களாம். இது நின்றால் அத்தையை நம்பி இன்னொன்றைக் கொடுக்க ஆளில்லை. அவளுக்கே அது தெரியும்.

ஞாயிறன்று வந்தவர்கள் ஒரு அக்காவும் தங்கையும். பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அக்கா பச்சை, தங்கை நீலம். காலையிலிருந்து அத்தை பத்துத் தடவையாவது படியேறி இறங்கி, இருவர் கண்ணிலும் மற்றவர் படாமல் காத்தாள். நேரலைக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மேல்மாடி மேக்கப் அறையில் விளக்கு அணைந்துபோனது. மேக்கப் அக்கா என்ன செய்வாள் பாவம்? நீலத்தைக் கீழே கூட்டிவந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சீப்பு எடுக்க மேலே போய்விட்டாள். பக்கத்து நாற்காலியில் முகத்தின் மேல் ஈரத்துண்டைப் போட்டுச் சாய்ந்திருந்தது பச்சை என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த அறையில் கேமரா கிடையாது. ஆனால் இருவர் சேலையிலும் மைக் குத்தியாகிவிட்டது. திரைகள் இருந்த எங்கள் அறை ஸ்பீக்கரில் முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு நீலத்தின் குரல்.

"அந்த இருமல இன்னும் டாக்டர்கிட்ட காட்டலையா நீ?"

அத்தையின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை. எட்டு வரை எண்ணினேன்.

"எப்ப வந்த?" என்றது துண்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"இப்பத்தான். துண்ட எடு, மூஞ்சியப் பாக்கணும்."

"வேணாம். கிழவி ஆயிட்டேன்டி."

"நான் மட்டும் என்னவாம்?"

அத்தை எழுந்தாள். இன்னும் முகம் பார்க்கவில்லை, இன்னும் அழவில்லை, மூன்றாம் கேமராவைக் கீழே அனுப்பு என்று கத்திக்கொண்டே படிக்கட்டில் ஓடினாள். நான் நாலு நாலு படியாகக் குதித்தும் அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். சாத்திய கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். கேமராக்காரர் மூச்சிரைக்க வந்து, தோளில் கேமராவைத் தூக்கி, கதவு இடுக்குக்கு நேராக நின்றார். பின்னாலேயே உதவி இயக்குநர். கையில் போன், மறுமுனையில் சேனல் தலைவர். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, கதவைத் திறந்தால் போதும், இதை வைத்தே நேரலையை ஆரம்பித்துவிடலாம் என்று கேமராக்காரரும் உதவி இயக்குநரும் மாறி மாறிக் கிசுகிசுத்தார்கள். ஆறு நிமிடம் இருந்தது.

கைப்பிடி பாதி இறங்கிவிட்டது.

"இரு, எடுக்கிறேன்" என்றாள் உள்ளே அக்கா. "மொதல்ல கதவு சாத்தியிருக்கா பாரு."

"சாத்தித்தான்க்கா இருக்கு. நாம மட்டும்தான்."

அத்தையின் விரல்கள் கைப்பிடியிலேயே இருந்தன. அதை இறக்கியபோது எப்படிச் சத்தம் வரவில்லையோ, ஏற்றியபோதும் அப்படியே வரவில்லை. உதவி இயக்குநர் "மேடம், சார் லைன்ல இருக்காரு" என்று போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்குக் குறுக்கே போட்டு, கேமராவைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்துகொண்டாள்.