எந்தச் சாமி வந்திருக்கு?

வெட்கத்தை விட்டுச் சொல்லுதேன் மக்கா. இன்னைக்குக் காலையில ஒரு காலி சேரைப் பார்த்து அரைமணி நேரம் அழுதேன்.

அக்கா செத்து மூணு மாசம். கடைசி வரைக்கும் என்கூடப் பேசாமலே போயிட்டா. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை.

மகதான் போனில் கவுன்சிலிங் ஏற்பாடு செஞ்சா. போனில் பேசுத டாக்டரம்மா சென்னைப் பிள்ளை, தங்கமான குணம்.

"தனி ரூம்ல கதவைச் சாத்திக்கோங்க மேடம். எதிர்ல சேர் போட்டு, அக்கா இருக்காங்கன்னு நினைச்சு சத்தமா பேசுங்க."

தனி ரூமாம்! எங்க வீடே ஒரு ரூம்தான்.

சங்கரன்கோவில்ல பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டு ஒரு பொம்பளை சத்தம் போட்டா என்ன அர்த்தம்னு அந்தப் படிப்புல சொல்லிக்குடுக்கலை போல. நம்ம பக்கத்துப் பிள்ளையா இருந்தா, "குளத்தங்கரையில போய்ப் பேசுங்க"ன்னு சொல்லியிருக்கும்.

இருந்தாலும் கதவைச் சாத்தி, எதிர்ல சேரைப் போட்டு, அழுது முடிச்சு, "ஏன்க்கா என்கிட்ட பேசலை?"ன்னு சத்தமா கேட்டேன். கதவு தடதடன்னுச்சு.

திறந்தா பக்கத்து வீட்டு செல்லத்தாய் மதினி, கையில சூடம் எரியுத தட்டோட.

"தாயே, எந்தச் சாமி வந்திருக்கு?"

"சாமியெல்லாம் இல்லை மதினி. டாக்டரம்மா பேசச் சொன்னா."

"எந்தச் சாமியும் முதல்ல இல்லைன்னுதான் சொல்லும். என் மகளுக்கு எப்ப கல்யாணம் தாயே?"

விடமாட்டேன்னுட்டா. "தை மாசம்"னு சொல்லி துன்னூறு பூசி அனுப்பிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை "எப்படிப் போச்சு மேடம்?"னு கேட்குமே, என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.

அக்காகிட்ட கேட்டது கேட்டபடியே கிடக்கு. வாசல்ல குறி கேட்க ஆறு பேர் உட்கார்ந்திருக்காவ. மதினி டோக்கன் குடுத்துட்டு இருக்கா.