டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்

ஆபீஸில் கட்டாயப்படுத்தியதால் ஐம்பது வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், எரிச்சலோடுதான். முதல் பயிற்சிக்கு, காலையில் எங்கள் இருவருக்கும் நான் போடும் காபியையே எடுத்துக்கொண்டேன். ரெண்டு டம்ளர், டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் நாலு என்று கறுப்புத் திரையில் வந்ததும் பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மார்டள்ளி கிராமத்துக்காரி, சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"ஏனுங்க, அது என்னைய ஒண்ணுமே கேக்கலியே?"

உண்மைதான். ரெண்டு என்று நானே எழுதி வைத்திருந்தேன். யார் ஓட்டினாலும் நாலுதான் வரும். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தபடி அந்த வரியை அழித்தேன். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஸ்பூன் வேண்டும் என்று திரையே கேட்கும்படி மாற்றினேன். எனக்கு ரெண்டு என்று அடித்துவிட்டு கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் ஒற்றை விரலால் பூஜ்யத்தை அழுத்தினாள்.

மைசூருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளுக்கு நான்தான் காபி போடுகிறேன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையாக் கொண்டாந்து குடுத்தீங்க. குடிச்சுட்டேன்."